திரையில் எட்டாவது, கணக்கில் முதலாவது: கார்ப் பந்தயத்தின் பிட் ஸ்டொப்பைப் புரிந்துகொள்வது எப்படி?

ஐரோப்பாவில் ஃபோர்முலா 1 பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் பின்னேரம் ஆறரை மணிக்குத் தொடங்கும். அக்காவின் மகன் அந்த நேரத்துக்குச் சரியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். பன்னிரண்டு வயது. முதன்முதலாகப் பார்த்த நாளில், பாதிப் பந்தயத்தில் முன்னால் ஓடிய கார் ஓடுதளத்தை விட்டு உள்ளே போய் நின்றதும் (இதைத்தான் பிட் ஸ்டொப் என்பார்கள்) அவன் திடுக்கிட்டுக் கேட்டான்:

"மாமா, முதலாவதா ஓடிக்கொண்டிருந்தவர் ஏன் உள்ள போனவர்? இப்ப எட்டாவதெல்லோ! தோத்துப்போகப் போறார்."

"இல்லையடா, இப்பவும் அவர்தான் முதலாவது" என்றேன். திரையில் 8 என்று போட்டிருக்கிறது, மாமா முதலாவது என்கிறார். அவன் என்னை நம்பவில்லை. அரை மணித்தியாலம் கழித்து அந்த சாரதிதான் வென்றார். அன்றிலிருந்து அவனுக்கு இந்தக் கணக்கில் ஒரு பைத்தியம். அஜித்குமார் பந்தயத்தில் இறங்கிய பிறகு என்னைச் சுற்றியுள்ள பலரும் பார்க்கத் தொடங்கி இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் கொழும்புக்குப் போகும் இரண்டு வான்களை நினைத்துக்கொள்ளுங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இரண்டும் நிற்கும். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் மேலே போவார்கள். அது யாரும் மீறாத வழக்கம். ஆனால் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவது என்பது சாரதியின் முடிவு. ஒருவர் வவுனியாவிலேயே நிறுத்திச் சாப்பிடுகிறார். மற்றவர் ஹோர்ன் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போகிறார். இப்போது யார் முன்னுக்கு? வீதியில் பார்த்தால் தாண்டிப் போனவர். ஆனால் அவருடைய ஆட்கள் இன்னும் சாப்பிடவில்லை. தம்புள்ளையிலோ வேறெங்கோ அவரும் அரை மணித்தியாலம் நிற்கத்தான் வேண்டும். அந்த அரை மணித்தியாலத்தைக் கழித்துப் பார்த்தால்தான் யார் முன்னுக்கு என்பது தெரியும்.

பிட் ஸ்டொப் விளங்குவதற்கு இவ்வளவும் போதும். நிற்க வேண்டும் என்பது விதி. எப்போது நிற்பது என்பது உத்தி.

சரி, ஏன் நிற்க வேண்டும்? பெற்றோல் அடிக்க என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான். 1994 முதல் 2009 வரை பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பினார்கள். 2010இலிருந்து அது தடை. முழுப் பந்தயத்துக்கும் வேண்டியதைத் தொடங்கும்போதே ஏற்றிக்கொள்ள வேண்டும். அதனால் தொடக்கத்தில் கார், மூட்டை ஏற்றிய லொறி மாதிரி பாரமாக இருக்கும். எரிபொருள் எரிய எரிய இலேசாகி வேகமும் கூடும்.

இப்போது வழக்கமாக நிற்பது ரயர் மாற்றத்தான். 2011இலிருந்து எல்லா அணிகளுக்கும் பிரெல்லி நிறுவனமே ரயர் கொடுக்கிறது. காய்ந்த தரைக்கு மூன்று வகை உண்டு. ரயரின் பக்கத்தில் சிவப்புக் கோடு இருந்தால் சொஃப்ட், மஞ்சள் மீடியம், வெள்ளை ஹார்ட். சொஃப்ட் தரையை நன்றாகப் பிடிக்கும், வேகம் தரும், கெதியாகத் தேய்ந்துவிடும். ஹார்ட் அவ்வளவு பிடிக்காது, ஆனால் நின்று உழைக்கும். மீடியம் இரண்டுக்கும் நடுவில். மழைக்குப் பச்சையும் நீலமும் வேறாக இருக்கின்றன. காய்ந்த பந்தயத்தில் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு வகைகளையாவது பாவிக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஒரு தடவையாவது உள்ளே போய் ரயர் மாற்றியே ஆகவேண்டும். அதுதான் இவர்களுடைய முறிகண்டி.

இனி நேரத்துக்கு வருவோம். புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள். இருபது பேரளவில் காரைச் சூழ்ந்து நின்று, நான்கு சக்கரங்களையும் இரண்டு, இரண்டரை செக்கனில் மாற்றிவிடுகிறார்கள். 2023இல் கட்டாரில் மக்லாரன் அணி லாண்டோ நொரிஸின் காருக்கு 1.80 செக்கனில் மாற்றியது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் இந்த வேலைக்காக ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

இழப்பு அந்த இரண்டு செக்கன் மட்டும் இல்லை என்பதுதான் பதில். கார் நிற்கும் இடத்துக்குப் போக ஒரு தனிப் பாதை இருக்கிறது. எங்கள் ஊர் வழக்கில் அதை பிட் ஒழுங்கை என்றே சொல்லலாம். அதற்குள் பெரும்பாலான இடங்களில் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. கண்டி வீதியில் 80 ஓடினால் வீட்டில் ஏச்சு விழும். பந்தயக் காருக்கோ அது நடை. பக்கத்திலேயே இருக்கும் நேர்ப்பாதையில் மற்றவர்கள் 290இல் பறந்துகொண்டிருப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒழுங்கை 400 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 80இல் போனால் அதைக் கடக்க 18 செக்கன். 290இல் போகிறவருக்கு 5 செக்கன். அதிலேயே 13 செக்கன் போய்விட்டது. நின்ற நேரம் இரண்டரை. உள்ளே திரும்ப வேகத்தைக் குறைத்தது, நின்ற இடத்திலிருந்து மீண்டும் வேகம் எடுத்தது எல்லாவற்றையும் சேர்த்தால் பல ஓடுதளங்களில் மொத்த இழப்பு 20 செக்கனைத் தொடும், சில இடங்களில் தாண்டும். இந்தக் கட்டுரைக்கு 22 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 22ஐ மனதில் வைத்துக்கொண்டால் போதும், பந்தயம் வேறொரு ஆட்டமாகத் தெரியத் தொடங்கும். உள்ளே போய் எட்டாவதாக வெளியே வந்தவரை எடுங்கள். அவருக்கு முன்னால் உள்ள ஏழு பேரும் இன்னும் நிற்காதவர்கள், ஏழு பேரும் 22 செக்கனுக்குள்தான் முன்னுக்கு இருக்கிறார்கள் என்றால், அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போகும்போது இவர் ஒவ்வொரு படியாக மேலே ஏறுவார். கடைசியில் முதலாவது. மருமகனுக்கு நான் அன்று சொல்ல நினைத்தது இதைத்தான்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அண்டர்கட். முன்னால் போகிறவரை வீதியில் முந்த முடியாதபோது, அவருக்கு முதலே உள்ளே போய் ரயர் மாற்றி, அதன் மூலம் முந்துவதற்குப் பெயர் அது. கேட்டால் விசித்திரமாக இருக்கும். நிற்பதால் எப்படி முந்த முடியும்?

சிவப்புக் கார் முன்னுக்கு. நீலக் கார் ஒன்றரை செக்கன் பின்னுக்கு. இரண்டும் தேய்ந்த ரயரில் ஒரு சுற்றுக்கு 90 செக்கன் எடுக்கின்றன. 18ஆம் சுற்று முடிவில் நீலம் உள்ளே போகிறது. 22 செக்கன் இழக்கிறது. ஆனால் புது ரயரில் அது ஒரு சுற்றை 88 செக்கனில் ஓடும். சிவப்பு இன்னும் ஒரு சுற்றுப் பழைய ரயரிலேயே 90இல் ஓடிவிட்டு, 19ஆம் சுற்று முடிவில் உள்ளே போகிறது. அதுவும் அதே 22ஐ இழக்கிறது. இரண்டு பக்கமும் 22 இருப்பதால் அதை வெட்டிவிடுங்கள். மிஞ்சுவது என்ன? நீலம் ஒன்றரை செக்கன் பின்னால் இருந்தது, அந்த ஒரே சுற்றில் இரண்டு செக்கன் சம்பாதித்தது. சிவப்பு ஒழுங்கையிலிருந்து வெளியே வரும்போது நீலம் அரை செக்கன் முன்னால் போய்க்கொண்டிருக்கும். சக்கரத்தோடு சக்கரம் மோதவில்லை, வளைவில் நெருக்கவில்லை. ஆனாலும் இடம் கைமாறிவிட்டது.

இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாளில் நான் கொப்பியில் நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நீங்களும் ஒரு தடவை எழுதிப் பாருங்கள். வாசிப்பதை விட எழுதினால் நன்றாகப் பதியும்.

இதற்கு நேர் எதிரானது ஓவர்கட். முன்னவர் உள்ளே போகும்போது பின்னவர் வெளியிலேயே இருந்து, ஆளில்லாத பாதையில் வேகமாக ஓடி, அதற்குப் பிறகு நிற்பது. புது ரயர் சூடேறிப் பிடிப்பதற்கு ஒன்றிரண்டு சுற்று எடுக்கும் இடங்களில் இது பலிக்கும். உள்ளே போனவர் வெளியே வரும்போது மெதுவாக ஓடும் கார்களின் பின்னால் மாட்டிக்கொண்டாலும் பலிக்கும். நடப்பது குறைவுதான், அதனால் அண்டர்கட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டு பிறகு இதற்கு வாருங்கள்.

ஒரு உண்மைப் பந்தயத்தில் இது எப்படி நடந்தது என்று பார்ப்போம். 2019, ஹங்கேரி. ஹங்கரோரிங் ஒடுங்கிய, வளைவு நிறைந்த ஓடுதளம். முந்துவது கடினம். மொத்தம் 70 சுற்று. மக்ஸ் வெர்ஸ்டப்பன் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் லூயிஸ் ஹமில்டன், வேகமான காரில், ஆனால் தாண்ட முடியாமல். வெர்ஸ்டப்பன் 25ஆம் சுற்றில் ஹார்ட் ரயருக்கு மாறியிருந்தார். ஹமில்டன் 31இல் மாறினார். இருவரும் கட்டாய நிறுத்தத்தை முடித்துவிட்டார்கள். இனி நிற்கத் தேவையே இல்லை.

48ஆம் சுற்றில் மெர்சிடிஸ் அணி ஹமில்டனை மறுபடியும் உள்ளே கூப்பிட்டது. அவருக்குப் பின்னால் வந்த கார்கள் வெகு தூரத்தில் இருந்ததால், நின்றாலும் இரண்டாம் இடம் போகாது. ஆனால் மீடியம் ரயரோடு வெளியே வந்தபோது வெர்ஸ்டப்பன் ஏறக்குறைய 20 செக்கன் முன்னால். மிச்சம் 22 சுற்று. சுற்றுக்கு ஒரு செக்கன் வீதம் பிடிக்க வேண்டும், பிடித்த பிறகு முந்தவும் வேண்டும். ஹமில்டனுக்கே அது நடக்கும் என்ற நம்பிக்கை அப்போது குறைவாகத்தான் இருந்தது.

அப்படியென்றால் வெர்ஸ்டப்பனும் அடுத்த சுற்றிலேயே உள்ளே போயிருக்கலாமே என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. போயிருந்தால் ஹமில்டனுக்குப் பின்னால்தான் வெளியே வந்திருப்பார். சிவப்பும் நீலமும் வைத்துப் பார்த்த அதே கணக்கு. அதனால் அவர் பழைய ரயரோடு வெளியிலேயே இருந்தார். கடைசிச் சுற்றுகளில் அந்த ரயர் நாற்பது சுற்றுக்கு மேல் ஓடிக் களைத்துவிட்டது. 67ஆம் சுற்றில் ஹமில்டன் அவரைத் தாண்டினார். தாண்டப்பட்ட பிறகு வெர்ஸ்டப்பன் உள்ளே போய் சொஃப்ட் ரயர் போட்டு, அன்றைய மிக வேகமான சுற்றை ஓடி, அதற்கென்று அப்போது இருந்த ஒரு மேலதிகப் புள்ளியை எடுத்துக்கொண்டார். தோற்ற பிறகும் அவர்கள் ஒரு புள்ளியைத் தேடிப் போனது எனக்குப் பிடித்திருந்தது.

இதே ஓடுதளத்தில் 1998இலும் இப்படி ஒன்று நடந்தது. மக்லாரன் கார்கள் முன்னுக்கு. ஃபெராரியில் மைக்கல் ஷூமாக்கர். அவருடைய அணியில் உத்தியை வகுத்த ரொஸ் ப்ரோன் பந்தயத்தின் நடுவே திட்டத்தை மூன்று நிறுத்தங்களாக மாற்றினார். அந்தக் காலத்தில் பெற்றோல் நிரப்பலாம் என்பதால், அடிக்கடி நின்றால் குறைந்த எரிபொருளோடு இலேசான காரில் ஓடலாம். அதற்கு விலை உண்டு. 19 சுற்றுகளில் 25 செக்கன் இடைவெளியைச் சம்பாதிக்க வேண்டும் என்று ஷூமாக்கருக்கு வானொலியில் சொல்லப்பட்டது. ஒவ்வொரு சுற்றையும், தொடக்க இடத்தைத் தீர்மானிக்கும் தகுதிகாண் சுற்றுப்போல ஓடி, சம்பாதித்து, வென்றார். காகிதத்தில் யாரும் உத்தி எழுதலாம். அதை வீதியில் ஓடிக் காட்ட ஒரு சாரதி வேண்டும். இந்த இரண்டு ஹங்கேரிப் பந்தயங்களையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும்.

இவ்வளவு கணக்கையும் ஒரே நொடியில் கவிழ்ப்பது சேஃப்டி கார். எங்காவது கார் மோதி நின்றுவிட்டால், பாதையைத் துப்புரவாக்கும் வரை ஒரு கார் முன்னால் வந்து எல்லோரையும் மெதுவாக ஓட வைக்கும். வெளியே இருப்பவர்களும் மெதுவாகத்தான் போகிறார்கள் என்பதால் பிட் ஒழுங்கைக்குள் போகிறவர் இழக்கும் நேரம் வெகுவாகக் குறைந்துவிடும். எங்கள் 22 ஏறக்குறைய அரைவாசியாகிவிடும். ஒரு சுற்று முன்னால் முழு விலை கொடுத்து ரயர் மாற்றியவருக்கு அது பெரிய அநியாயம். இன்னும் மாற்றாதவருக்கு அதிர்ஷ்டம். அதோடு கார்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், அதுவரை பாடுபட்டுச் சேர்த்த இடைவெளியும் காணாமல் போய்விடும்.

2021 டிசம்பர் 12, அபுதாபி. வருடத்தின் கடைசிப் பந்தயம், ஹமில்டனும் வெர்ஸ்டப்பனும் சம புள்ளியில். 58 சுற்றில் 53ஆம் சுற்று அளவில் ஒரு கார் சுவரில் மோத, சேஃப்டி கார் வந்தது. ஹமில்டன் உள்ளே போனால் வெர்ஸ்டப்பன் வெளியிலேயே இருந்து முதலிடத்தைப் பிடித்துவிடுவார். போகாவிட்டால் வெர்ஸ்டப்பன் போய்ப் புது ரயர் போடுவார். மெர்சிடிஸ் இடத்தைக் காப்பாற்றியது. ஹமில்டனுக்கு 14ஆம் சுற்றில் போட்ட ஹார்ட் ரயர், வெர்ஸ்டப்பனுக்குப் புத்தம் புது சொஃப்ட். பந்தயம் ஒரேயொரு சுற்றுக்காகத் திரும்பத் தொடங்கியது. அந்தச் சுற்றில் வெர்ஸ்டப்பன் தாண்டி உலக சம்பியன் ஆனார். அன்று பந்தய இயக்குநர் சேஃப்டி காரைக் கையாண்ட முறை பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. அதில் எனக்கும் வலுவான கருத்து உண்டு, ஆனால் இங்கே வேண்டாம். ரயரின் வயது ஒரு சுற்றில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ரயர் மாற்றவே கூடாது என்று ஒரு வருடம் இருந்தது தெரியுமா? 2005. தகுதிகாண் ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தொகுதி ரயர்தான். அந்த வருடம்தான் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஃபோர்முலா 1இல் ஓடிய முதல் இந்தியர் ஆனார். ஒரு தமிழர் அங்கே ஓடுகிறார் என்பது எங்களுக்கும் பெரிய விஷயம். ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அங்கே சரிவாகக் கட்டப்பட்ட ஒரு வேகமான வளைவில் மிஷெலின் ரயர்கள் தாங்கவில்லை. பேச்சுவார்த்தை சரிவராமல், மிஷெலின் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் உள்ளே போய்விட்டன. பிரிஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து அப்போதைய முறைப்படி 5 புள்ளி எடுத்தார். ஆறு பேரில் நான்காவது என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். கடைசி வரை அந்த ஒரே தொகுதி ரயரில் ஓடி முடித்தவருக்குக் கிடைத்த புள்ளி அது. எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

இனி முடிவுப் பட்டியல். முதல் பத்துப் பேருக்குப் புள்ளி: 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. பெயருக்குப் பக்கத்தில் நேரத்துக்குப் பதிலாக "ஒரு சுற்று" என்று இருந்தால் வென்றவர் அவரை ஒரு முழுச் சுற்றால் தாண்டிவிட்டார் என்று பொருள். வெள்ளைக் கறுப்புக் கொடியைக் கடந்த ஒழுங்கும் பட்டியலில் வரும் ஒழுங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒருவருக்கு ஐந்து செக்கன் தண்டனை கிடைத்தால், அடுத்த தடவை உள்ளே வரும்போது ஐந்து செக்கன் யாரும் காரைத் தொடாமல் நிற்க வேண்டும், அதன் பிறகுதான் ரயர் மாற்றலாம். இனி நிற்கப் போவதில்லை என்றால், முடிவு நேரத்தோடு அந்த ஐந்தைக் கூட்டிவிடுவார்கள். நான்கு செக்கன் முன்னால் முடித்தவர் இப்படிப் பின்னால் போய்விடுவார்.

நீண்ட நேரப் பந்தயங்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணித்தியாலப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி மூன்றாவதாக வந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். அது அவர்கள் ஓடிய பிரிவில் மூன்றாம் இடம். அங்கே பலவகைக் கார்கள் ஒரே பாதையில் ஒன்றாக ஓடும், ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வெற்றியாளர். நிறுத்தங்களில் பெற்றோலும் அடிப்பார்கள், சாரதியும் மாறுவார். ஒரு முழு நாளும் தவறில்லாமல் ஓடி மேடையேறுவது எவ்வளவு கடினம் என்பது அந்த நிறுத்தங்களை எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

பட்டியல் கையில் வந்த பிறகும் மாறலாம். 2024 ஜூலை 28, பெல்ஜியம். முன்னணியில் ஓடிய மற்றவர்கள் இரண்டு தடவை நிற்க, ஆறாவதாகத் தொடங்கிய ஜோர்ஜ் ரஸல் ஒரே ஒரு தடவை நின்று, தேய்ந்த ரயரோடு கடைசி வரை பிடித்துக்கொண்டு, ஹமில்டனை அரை செக்கனளவில் பின்தள்ளி வென்றார். அருமையான உத்தி. நானும் மருமகனும் எழும்பி நின்று பார்த்தோம். அவன் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

பிறகுதான் காரை எடை போட்டார்கள். அன்றைய விதிப்படி குறைந்தபட்ச எடை 798 கிலோ இருக்க வேண்டும். ரஸலின் கார் 796.5. வெற்றி பறிபோய் ஹமில்டன் முதலாவதானார். ஒரே தொகுதி ரயரில் அவ்வளவு தூரம் ஓடியதால் தேய்ந்த ரப்பரின் எடையும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. அவருக்கு வெற்றியைக் கொடுத்த அதே ரயர்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் சைக்கிளைப் படலையில் சாய்த்துவிட்டு அவன் உள்ளே வந்தான். "மாமா, ஒன்றரைக் கிலோவோ?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப ரெண்டாந்தரம் நிண்டு புது ரயர் போட்டிருந்தா பாரம் சரியா இருந்திருக்குமோ?" என்றான். "அப்படியெண்டா வெண்டிருப்பாரோ?" என்று திருப்பிக் கேட்டேன். பதில் சொல்லாமல் சைக்கிளில் ஏறிவிட்டான். பின்னேரம் வந்தபோது கையில் ஒரு கொப்பி இருந்தது, ஒவ்வொரு காரும் நின்ற சுற்றை அதில் வரிசையாக எழுதியிருந்தான்.